பின்கட்டு ரங்கூன் மல்லியைத் தொட்டிக்கு மாற்றுவது: கவாத்தும் இடமாற்றமும்

ஆச்சி கேட்டிருப்பது இது. காரைக்குடிப் பக்கம் பழைய வீடு. பின்கட்டுச் சுவரோரம் பல வருடமாக நிற்கிற ரங்கூன் மல்லிக் கொடி. தை பிறந்ததும் அந்தச் சுவரை உதிர்த்துப் புதுப் பூச்சு பூசப் போகிறார்கள். அதற்குள் கொடியைத் தொட்டிக்கு மாற்றி முற்றத்தில் வைக்க வேண்டும். லண்டனில் இருக்கும் மகள், கிளமேட்டிஸ் என்கிற குளிர்நாட்டுப் பூங்கொடியை மாற்றுகிற வீடியோ ஒன்றை அனுப்பியிருக்கிறார். அதில் கொடியை ஓரடி விட்டு மொட்டையாக வெட்டுகிறார்கள், தண்டின் அடியையும் சேர்த்து ஆழமாகப் புதைக்கிறார்கள். நம் கொடிக்கும் அப்படியே செய்யலாமா?

வெட்டுவது ஓரளவு பொருந்தும் ஆச்சி. புதைப்பது பொருந்தவே பொருந்தாது. ஏன் என்று தெரிந்துகொண்டால் மற்ற வேலை சுலபம்.

கிளமேட்டிஸில் மூன்று வகை உண்டு. முதல் வகை போன வருடத்துத் தண்டில் பூக்கும். அதை வெட்டினால் அந்த வருடப் பூ போச்சு. இரண்டாவது வகை பழைய தண்டிலும் புதுத் தளிரிலும் மாறி மாறிப் பூக்கும். நுனியை மட்டும் லேசாகக் கழிப்பார்கள். மூன்றாவது வகை அந்த வருடம் விட்ட புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும். அதனால் குளிர்காலக் கடைசியில் தரையிலிருந்து 30 செ.மீ. விட்டு வெட்டிவிடுவார்கள். வீடியோவில் இருப்பது அநேகமாக இந்த மூன்றாவது வகை. நம் ரங்கூன் மல்லிக்கும் பூ புதுத் தளிர் நுனியில்தான். ஆகவே கடுமையாக வெட்டினாலும் பூ குறையாது, கூடவே செய்யும்.

ஆழப் புதைப்பதற்குக் காரணம் வேறு. கிளமேட்டிஸுக்கு வாடல் நோய் ஒன்று வரும். மேல் தண்டு முழுக்கக் கருகி விழுந்தாலும் மண்ணுக்குள் இருக்கிற கணுவிலிருந்து மறுபடி துளிர்க்கட்டும் என்று பழைய மண் மட்டத்தைவிட 5 முதல் 8 செ.மீ. கீழே இறக்கி நடுகிறார்கள். குளிர்ந்த மண்ணில் அது சரி. நம் ஊர்ச் சூட்டில், ஐப்பசி மழையில் ஊறிய மண் தூரைச் சுற்றி ஏறி நின்றால் தண்டின் பட்டை அழுகும். ரங்கூன் மல்லிக்கு அந்தக் காப்பீடு தேவையும் இல்லை. அது வேரிலிருந்தே பக்கக் கன்று விடுகிற கொடி. எனவே தோண்டும் முன் மண் மட்டம் தண்டில் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு துணித்துண்டைக் கட்டிவிடுங்கள். தொட்டியிலும் மண் அந்தக் கட்டுக்கு மேல் ஏறக்கூடாது.

கிளமேட்டிஸையே இங்கே வளர்க்கலாமா என்று மகள் கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குக் குளிர் ஓய்வும், சில்லென்ற வேர்மண்ணும் வேண்டும். கொடைக்கானல், ஊட்டி மலைக்காடுகளில் அதன் இனத்துக் கொடிகள் தானாகவே படர்ந்திருக்கின்றன. செட்டிநாட்டு வெயிலில், ராத்திரியும் தணியாத சித்திரையில், தொட்டிக்குள் அது தாங்காது. பர்மாத் தேக்குத் தூண் நிற்கிற வீட்டு முற்றத்துக்கு ரங்கூன் பெயரைச் சுமக்கிற கொடியைவிடப் பொருத்தமானது வேறு என்ன இருக்கிறது? சாயங்காலம் வெள்ளையாக விரிந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, அதற்கடுத்த நாள் சிவக்கிற பூ, ஒரே கொத்தில் மூன்று நிறம். அந்தியில் வரும் வாசனைக்காகவே முற்றத்தில் வைக்கலாம்.

இனி முக்கியமான முடிவு. தாய்க்கொடியையே பெயர்ப்பதா, அதன் பக்கக் கன்றை எடுப்பதா? தூரை அளந்து பாருங்கள். தரையோடு ஒட்டிய இடத்தில் தண்டு 3, 4 செ.மீ. கனம்தான் என்றால் பெயர்க்கலாம். மணிக்கட்டுக் கனத்துக்கு மேல் போய்விட்டது என்றால் பெயர்க்காதீர்கள். அந்தக் கனத்துக்கு ஏற்ற வேர்ப்பந்து, அதாவது வேரும் அதைப் பிடித்த மண்ணும் சேர்ந்த உருண்டை, எந்தத் தொட்டியிலும் அடங்காது. அடங்கும்படி வெட்டினால் மிஞ்சுவது முழுக்க விறகு மாதிரித் தடித்த வேர்; தண்ணீரை உறிஞ்சுகிற மெல்லிய வேர்கள் நுனிப்பக்கம், வெட்டி எறிந்த பகுதியில் போயிருக்கும். அப்படிப் பெயர்த்த கொடி தண்டில் இருக்கிற சேமிப்பை வைத்து ஒரு மாதம் துளிர்த்துக் காட்டும், பிறகு ஒரே வாரத்தில் காய்ந்துவிடும். பல வருடக் கொடி என்று சொல்லியிருப்பதால் உங்களுடையது பெரும்பாலும் மணிக்கட்டுக் கனத்தைத் தாண்டியதாகத்தான் இருக்கும். என் யோசனை, கன்றை எடுங்கள்.

கன்று எடுக்கும் முறை. தாய்த் தூரிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி தள்ளி முளைத்திருக்கிற, பென்சிலிலிருந்து சுண்டுவிரல் வரை கனமுள்ள கன்றாகத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒன்று போதாது, மூன்று எடுங்கள். ஆவணிக் கடைசியில் கன்றுக்கும் தாய்க்கும் நடுவே, கன்றிலிருந்து ஒரு சாண் தள்ளி, மண்வெட்டியைச் செங்குத்தாக இறக்கி இணைப்பு வேரை வெட்டிவிடுங்கள். கன்றை எடுக்காமல் அங்கேயே விடுங்கள். தாயிடமிருந்து வந்த தண்ணீர் நின்றதும் அது தனக்கென்று மெல்லிய வேர் விடத் தொடங்கும். மூன்று, நான்கு வாரம் அப்படி நிற்கட்டும். இந்த இடைவெளி கொடுக்காமல், வெட்டிய அன்றே பிடுங்குவதுதான் பலரும் செய்கிற தவறு. பிறகு நுனியைக் கழித்து முழ உயரத்துக்குக் குறைத்து, ஒரு சாண் அகல மண்ணோடு எடுத்து 12 அங்குலத் தொட்டியில் வையுங்கள். நேராகப் பெரிய தொட்டியில் வைக்க ஆசை வரும். சின்ன வேர், பெரிய மண் என்றால் ஊற்றிய தண்ணீரைக் குடிக்க ஆளில்லாமல் மண் நாள்கணக்கில் ஈரமாகவே நின்று வேர் அழுகும். ஆறேழு மாதம் கழித்து, தொட்டி அடித் துளையில் வேர் எட்டிப் பார்க்கும்போது பெரிய தொட்டிக்கு மாற்றினால் போதும்.

கன்றே இல்லையென்றால் பதியம். தரைக்கருகில் வளைகிற, ஒரு வருடத் தண்டில் ஒரு கணுவுக்குக் கீழே இரண்டு அங்குல நீளத்துக்கு மேல்பட்டையைச் சுரண்டி, பக்கத்தில் மண் நிரப்பிய சின்னத் தொட்டியில் நான்கு விரல் ஆழம் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்துவிடுங்கள். மண் காயாமல் பார்த்துக்கொண்டால் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் வேர் பிடிக்கும். லேசாக இழுத்துப் பாருங்கள், பிடிமானம் தெரிந்தால் தாய்ப்பக்கம் வெட்டிவிடலாம். தாய்க்கொடியைப் பெயர்க்கிறவர்களும் முன்கூட்டியே ஒரு பதியம் போட்டு வைப்பது நல்லது.

தாய்க்கொடி மெல்லியதுதான், அதையே மாற்றவேண்டும் என்றால் வேலையை இரண்டு தவணையாகப் பிரிக்க வேண்டும். ஆவணி முதல் வாரத்தில் கொடியின் மேல்பாதியை மட்டும் கழியுங்கள். அன்றைக்கே தூரைச் சுற்றி 20 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் கீறி, அதில் பாதி வட்டத்துக்கு மட்டும் 35 செ.மீ. ஆழக் குழி வெட்டி, குறுக்கே வருகிற வேர்களைச் சுத்தமாக நறுக்கி, குழியில் மக்கிய தொழு உரம் கலந்த மண்ணைப் போட்டு மூடுங்கள். மூன்று வாரம் கழித்து மறுபாதி. வெட்டிய முனைகளில் மெல்லிய வேர் கொத்துக் கொத்தாக வரும். தொட்டிக்குள் கொடியைக் காப்பாற்றப் போவது அவைதான். மேல்பாதியோடு வெட்டை நிறுத்தச் சொன்னதற்கும் அதுவே காரணம். புது வேர் விட இலை தயாரிக்கிற உணவு வேண்டும். முதல் நாளே மொட்டை அடித்துவிட்டால் வேர் எதைத் தின்று வளரும்?

பெயர்க்கும் நாள் புரட்டாசிக் கடைசி வாரம். வெயில் தணிந்திருக்கும், வடகிழக்குப் பருவமழை பலமாகப் பிடிக்க இன்னும் பத்துநாள் இருக்கும். அந்தப் பத்துநாளில் வெட்டுக்காயம் ஆறிவிட்டால் அடுத்து வரும் மழையும் மூடாக்கு வானமும் கொடிக்கு வரம். காயம் ஆறாமல் கார்த்திகை அடைமழையில் மாட்டினால் அழுகல்தான். புரட்டாசியைத் தவறவிட்டவர்கள் தை வரை காத்திருக்கலாம். பங்குனி முதல் வைகாசி வரை எந்தக் காரணத்துக்காகவும் கை வைக்காதீர்கள். உங்களுக்குத் தையில் கொத்தனார் வருகிறார் என்பதால் புரட்டாசிதான் தோது.

நம் செம்மண் காய்ந்தால் கல், சரளை கலந்திருந்தால் தொட்டவுடன் உதிரும். பெயர்ப்பதற்கு இரண்டு நாள் முன்பு சாயங்காலம் மூன்று நான்கு வாளித் தண்ணீர் விட்டு ஊறவிடுங்கள். அன்றே விட்டால் சேறாகி வேரைவிட்டு வழுகிப் போகும். காலையில் வெயிலுக்கு முன் தொடங்கி, மேலே 60 முதல் 75 செ.மீ. உயரத்தில் நல்ல தண்டு மூன்று அல்லது நான்கை விட்டு மற்றதைத் தூரோடு எடுத்துவிடுங்கள். விட்ட தண்டுகளில் கொஞ்சம் இலை இருக்கட்டும். பழைய தண்டில் இலைக்காம்பு உதிர்ந்த இடம் முள்ளாகக் கூர்ந்திருக்கும், வெறுங்கையால் இழுக்காதீர்கள். வெட்டு ஒவ்வொன்றும் கணுவுக்கு அரை செ.மீ. மேலே இருக்கவேண்டும். குச்சியை நீளமாக விட்டால் அது காய்ந்து பின்னோக்கி வரும். அரிவாளால் கொத்தினால் தண்டு பிளக்கும். மெல்லிய தண்டுக்குக் கவாத்துக் கத்தரி, தடித்ததற்குக் கைரம்பம். கட்டைவிரலைவிடத் தடித்த வெட்டுவாய்களில் பூஞ்சணத்தைத் தடுக்கிற போர்டோ பசை தடவலாம்: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், நீர்த்த சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். துத்தத்தையும் சுண்ணாம்பையும் அரை அரை லிட்டரில் தனித்தனியே கரைத்துப் பிறகு சேர்க்கவேண்டும், பிளாஸ்டிக் வாளியில். இரும்புப் பாத்திரம் கூடாது.

பழைய வட்டத்துக்கு ஓரிரு விரல் வெளியே குழி எடுத்தால் புது வேர் அடிபடாது. பக்கவாட்டு மண்ணை எடுத்ததும், அடிவேரை வெட்டும் முன்பே ஈரச் சாக்கைச் சுற்றிச் சணல் கயிற்றால் இறுக்கிவிடுங்கள். அதற்கப்புறம் மண்வெட்டியைச் சாய்வாக அடியில் விட்டு வெட்டுங்கள். தண்டைப் பிடித்துத் தூக்கவே கூடாது. இரண்டு பேர் சாக்கின் அடியைப் பிடித்துத் தூக்கவேண்டும். 40 செ.மீ. அகலம், 35 செ.மீ. ஆழமுள்ள ஈரப் பந்து 60, 70 கிலோ இருக்கும். தொட்டியில் இறக்கியதும் சாக்கை அறுத்து வெளியே எடுத்துவிடுங்கள். மக்கிவிடும் என்று உள்ளேயே விட்டால் முதலில் வருவது கரையான்தான். சாக்கில் தொடங்கி வெட்டுப்பட்ட வேருக்குள் போய்விடும்.

தொட்டி இந்தப் பந்துக்கு 50 செ.மீ. வாய், 45 செ.மீ. உயரமாவது வேண்டும். சுட்ட மண் தொட்டி முதல் தரம். சிமெண்ட் தொட்டி என்றால் புதிதாக வாங்கியவுடன் நடாமல் ஒரு வாரம் தண்ணீர் நிரப்பி, தினமும் மாற்றி, சுண்ணாம்புச் சத்தைக் கழுவிவிடுங்கள். பரணில் இருக்கிற பித்தளை அண்டாவையோ செப்புக் கிடாரத்தையோ இறக்கி நட்டால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் வெயிலில் உலோகம் கொதித்து விளிம்போர வேரைச் சுட்டுவிடும், செம்பின் களிம்பும் வேருக்கு ஆகாது. ஆசையாக இருந்தால் மண் தொட்டியை அண்டாவுக்குள் ஒரு செங்கல் மேல் வைக்கலாம். அண்டாவில் தேங்கும் தண்ணீரை மட்டும் அன்றன்றே கொட்டிவிடவேண்டும், இல்லாவிட்டால் கொசு.

மண் கலவை: செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, கழுவிய மணல் ஒரு பங்கு. தொட்டிக்கு வேப்பம் புண்ணாக்கு 200 கிராம் கலந்துகொள்ளுங்கள்; கரையானுக்கும் அது தடை. செம்மண்ணைச் சுவரடியிலிருந்து எடுக்காதீர்கள். பழைய வீட்டுச் சுவரடி மண் முழுக்கத் தலைமுறை தலைமுறையாக உதிர்ந்த சுண்ணாம்பு. அதில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாமல் இலை வெளிறும். தொட்டி அடியில் ஜல்லி பரப்பும் பழக்கத்தை விட்டுவிடலாம். ஜல்லிக்கு மேலே மண் முழுக்க நனைந்து நிறைந்த பிறகுதான் தண்ணீர் கீழே இறங்கும், அதனால் ஈரம் வேருக்கு இன்னும் பக்கத்தில் ஏறுகிறது. துளைமேல் ஒரு ஓட்டுத்துண்டைக் கவிழ்த்து வைத்தால் போதும். சுண்டுவிரல் நுழையும் அளவில் மூன்று துளையாவது இருக்கட்டும்.

பந்தை இறக்கி, துணிக்கட்டின் மட்டம் தொட்டி விளிம்புக்கு 5 செ.மீ. கீழே வரும்படி அடியில் மண்ணைக் கூட்டிக் குறையுங்கள். சுற்றிலும் கலவையைப் போட்டுக் கையால் அமுக்குங்கள். காலால் மிதித்தால் மெல்லிய வேர் நசுங்கும். பிறகு 15 லிட்டர் தண்ணீரை இரண்டு தவணையாக மெதுவாக விடுங்கள். மண் இறங்கிய இடத்தை நிரப்புங்கள். நிரம்பி நனைந்த தொட்டி 120 கிலோவுக்குக் குறையாது, ஆகவே வைக்க வேண்டிய இடத்தில் தொட்டியை வைத்த பிறகுதான் நிரப்ப வேண்டும். மாடியில், மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய தளத்தில் இந்தக் கனத்தை வைக்காதீர்கள்.

முதல் பதினைந்து நாள் நிழலில் இருக்கவேண்டும். தொட்டியை நகர்த்த முடியாது என்பதால் மேலே பச்சை வலையையோ பழைய வேட்டியையோ பந்தல் மாதிரிக் கட்டுங்கள். ஏழெட்டு நாளில் இலை உதிரும். பயந்துபோய்த் தண்ணீரை இரட்டிப்பாக்காதீர்கள். இரண்டு அங்குல ஆழம் விரலை விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் விடவேண்டாம். தண்டை நகத்தால் சுரண்டினால் பச்சை தெரிகிறவரை கொடி உயிரோடுதான் இருக்கிறது. மூன்று, நான்கு வாரத்தில் கணுவில் தளிர் தெரியும். நான்கைந்து சோடி இலை முற்றும் வரை உரம் எதுவும் போடக்கூடாது. வெட்டுப்பட்ட வேர்மேல் புண்ணாக்குத் தண்ணீர் பட்டால் கருகும். மண் ஈரமாக இருந்தும் புதுத்தளிர் தொங்கினால் வேர் அழுகுகிறது என்று பொருள். தண்ணீரை நிறுத்தி, அடித் துளை அடைத்திருக்கிறதா என்று கம்பியால் குத்திப் பாருங்கள், மழைக்கு மறைப்புக் கட்டுங்கள்.

முற்றத்தில் வைக்கும் முன் வெயிலைக் கணக்குப் பாருங்கள். இந்தக் கொடிக்கு ஐந்து, ஆறு மணி நேர நேரடி வெயில் இல்லாவிட்டால் இலை மட்டும்தான். நம் வளவு (வீட்டின் நடுக்கட்டு) முற்றங்கள் பலவற்றில் உச்சி வெயில் மட்டுமே தரையைத் தொடும். தாழ்வாரத்து நிழல் மற்ற நேரத்தை மூடிவிடும். வளவு முற்றம் குறுகல் என்றால் பின்கட்டு முற்றத்தின் கிழக்குப் பார்த்த ஓரம் நல்லது. கிளமேட்டிஸ்காரர்கள் சொல்கிற ஒன்றை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: கொடிக்கு வெயில், காலுக்கு நிழல். மண்ணின்மேல் தேங்காய் மட்டையைக் கவிழ்த்து அடுக்கி, மேற்கு வெயில் தொட்டியின் பக்கவாட்டில் படாதபடி முன்னால் இரண்டு மூன்று சின்னத் தொட்டிகளை வையுங்கள்.

தொட்டிக்குக் கீழே மூன்று செங்கல் வைத்து உயர்த்துங்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய தாழ்வாரம் பக்கமாகத் தண்ணீர் ஓடாதபடி வழியும் செய்யுங்கள். செம்மண் தண்ணீரும் புண்ணாக்குக் கரைசலும் தேங்கினால் அந்தக் கல்லில் ஏறுகிற கறை லேசில் போகாது.

படர மூங்கிலோ சவுக்குக் கம்போ ஆறேழு அடியில் வையுங்கள். இரும்புக் கம்பி வெயிலில் தளிரைச் சுடும். பிடித்து ஏற இந்தக் கொடிக்குப் பற்றுக்கம்பி இல்லை, சுற்றியும் முள்ளால் தொற்றியும்தான் ஏறும். அதனால் வாழைநாரால் எட்டுப் போட்டுத் தளர்வாகக் கட்டவேண்டும். கம்பைத் தொட்டி மண்ணில் மட்டும் ஊன்றினால் ஆடிக்காற்றில் தொட்டியோடு சாயும். மேல் முனையைச் சுவரிலோ தூணிலோ கட்டுங்கள். ஓட்டுக்கூரைக்கு மட்டும் ஏறவிடாதீர்கள், தளிர் நாட்டு ஓட்டுக்கு அடியில் நுழைந்து தடித்ததும் ஓட்டைப் பெயர்த்துவிடும்.

முதல் வருடத் தையில் கவாத்து வேண்டாம். அதற்கடுத்த வருடத்திலிருந்து தைக் கடைசி, மாசி முதல் வாரத்தில் நல்ல தண்டு நான்கைந்தை இரண்டடி உயரத்தில் விட்டு மற்றதையெல்லாம் எடுத்துவிடுங்கள். வெயில் ஏற ஏறத் தளிரும் பூவும் வரும். கொத்து வாடியதும் அதற்குக் கீழே இரண்டு கணு சேர்த்து வெட்டினால் பக்கத் தளிர் விட்டு மறுபடி பூக்கும். கண்ணுக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று மாதாமாதம் நுனியைக் கிள்ளினால் பூ வருகிற இடத்தையே கிள்ளிக்கொண்டிருக்கிறோம்.

கோடையில் காலையில் 8, 10 லிட்டர் தண்ணீர் வேண்டியிருக்கும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தொட்டியில் வெள்ளை பூக்கும், இலை ஓரம் கருகும். மழைத்தண்ணீர் கிடைக்கிற நாளில் இரண்டு மூன்று வாளி தொடர்ந்து விட்டு உப்பைக் கழுவி இறக்குங்கள். அடுப்புச் சாம்பல் போடாதீர்கள், அது சுண்ணாம்புக் குணத்தை இன்னும் கூட்டும். நரம்பு பச்சையாகவும் நடுவே வெளிறியும் புது இலை வந்தால் அன்னபேதி (இரும்பு சல்பேட்) 5 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து, அரை எலுமிச்சை பிழிந்து, சாயங்காலம் இலையில் தெளியுங்கள். துருக்கறை விழும் என்பதால் கீழே ஒரு சாக்கை விரித்துவிட்டு. உரம் என்றால் மாதம் இரண்டு கை தொழு உரம் போதும். கடலைப் புண்ணாக்கு அதிகமானால் இலை தழைத்துப் பூ நின்றுபோகும்.

இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாசிக் கவாத்தோடு பந்தை வெளியே எடுத்து, சுற்றிலும் அடியிலும் மூன்று விரல் கனத்துக்கு வேரையும் மண்ணையும் சீவிவிட்டுப் புதுக் கலவையில் அதே தொட்டியில் வைக்கலாம்.

கடைசியாகச் சுவர் வேலை. பூச்சு உதிர்த்ததும் பழைய தூர் இருந்த இடத்தை இரண்டடி ஆழம் தோண்டி, சுவருக்குள் போகிற வேரையெல்லாம் எடுத்த பிறகுதான் கொத்தனாரைப் பூசவிடுங்கள். பென்சில் கன வேர்த்துண்டு ஒன்று மிஞ்சினாலும் துளிர்த்துப் புதுப் பூச்சைப் பிளக்கும். இரண்டு மாதம் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். முளைத்து வந்தால் வேரோடு எடுத்து ஒரு சின்னத் தொட்டியில் வைத்தால் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க ஒரு கன்று ஆச்சு.